இன்குபேட்டர் கதவில் திருநீறு

பினாங்குத் தீவில் என் அளவுக்கு மன்னிக்கத் தெரிந்தவன் இன்னொருவன் இல்லை. விசாரணைக் குழு இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்துக் குப்பிக்குள் உப்புநீர் எப்படி வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மனநோயாளிகளின் இரத்தத்திலிருந்து மூலச்செல்களை உருவாக்கி, அவற்றை நரம்பணுக்களாக வளர்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. தட்டில் அவை ஓயாமல் துடிக்கும். எந்த மருந்துக்கு அடங்குகின்றன என்று பார்ப்போம். என்னோடு வேலை செய்யும் காமினி அக்கா வளர்த்தவை அவருடைய சொந்தத் தம்பி புவனேஸ்வரனுடையவை. சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவன் அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. எந்த மருந்தும் அவனுக்குக் கேட்கவில்லை. வேறு நோய்க்குப் புழக்கத்தில் இருக்கும் ஒரு மாத்திரை தட்டில் வேலை செய்தால், அவனுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா வெள்ளிக்கிழமைதோறும், செல் தட்டுகளை வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் கதவில் திருநீறு பூசுவார். செல்களுக்குச் சளி பிடிக்காமல் தைலமும் தேய்த்துவிடலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். அறிவியலின் நன்மைக்காகத்தான்.

அக்கா கோபப்படவில்லை.

"தம்பி, பூஞ்சை புடிச்சது உன் தட்டுலதான். என் தட்டுல இல்ல. வேணும்னா நீயும் கொஞ்சம் பூசிக்கோ லா."

எல்லாரும் சிரித்தார்கள். ஆய்வகத் தலைவர் பேராசிரியர் ரோஹானா சிரித்த கையோடு என் தட்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார். இனி காமினிக்கு மருந்து கலக்கிக் கொடுத்தால் போதும் என்றார்.

அன்றைக்கே மன்னித்துவிட்டேன். மன்னித்த பிறகுதான் குப்பிகளில் மருந்துக்குப் பதில் உப்புநீரை ஊற்றினேன்.

செல்கள் அடங்கவில்லை. அக்கா மறுபடியும் செய்தார். நானும் மறுபடியும் கலக்கினேன். கடைசியில் அவரே டாக்டரைக் கூப்பிட்டு, தம்பிக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் எங்கயாச்சும் தப்பு பண்ணிட்டேனா தம்பி?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் புவனேஸ்வரன் தன் உயிரை முடித்துக்கொண்டான். சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான்.

ஒரே ஒரு தட்டில் மட்டும் உண்மையான மருந்தை ஊற்றி, இன்குபேட்டரின் அடி அடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் அடங்கி, அமைதியாக இருக்கின்றன. அக்காவைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

அவர் வந்து பார்ப்பதற்குள் அதில் பூஞ்சை பிடித்துவிடக் கூடாது. இன்று வெள்ளிக்கிழமை. கதவில் கொஞ்சம் பூசிவிட்டுத்தான் வந்தேன்.