சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

பாலக்காட்டிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த பெரியவர் ஒரு கார் பேட்டரியை மடியில் வைத்திருந்தார். அமிலம் வெள்ளை வேட்டியில் சிந்திவிடுமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "ஏனுங்ணா, நெல்லியாம்பதி எஸ்டேட்டு வெள்ளக்காரத் துரை விட்டுட்டுப் போன அந்த ரெண்டு சீட்டு ரேஸ் வண்டி இப்ப ஓடுதுங்களா?"

"இஞ்சின் ஓடுது. வண்டிய நவுத்தறதில்லை."

"நாலு வருசமா ஊட்டுலயே துருச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சீங்க. இப்ப நவுத்தறதில்லைன்னா?"

"மாசியில ஒரு வெள்ளிக்கெழம, இன்னைக்குக் கெளம்பிரும்னு ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சா. புதுச்சீலை கட்டிட்டு வந்து பக்கத்துச் சீட்டுல உக்காந்துட்டா. இஞ்சின் கெளம்பவே இல்ல. 'பழத்த எடுக்காதீங்க, அடுத்த வெள்ளிக்கெழம போலாம்'னு சிரிச்சுட்டே எறங்குனா."

"அப்புறம்?"

"புதங்கெழமையே போயிட்டா. நெஞ்சு வலின்னு சொன்னவதான்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"வேற பழம் வெச்சு எடுங்ணா."

"அவ வெச்சது அங்கியேதான் இருக்குது. காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. வண்டி ஏறுனா நொறுங்கிப் போயிரும் தம்பி."

"அப்ப எதுக்குங்ணா இந்த பேட்டரிய சார்ஜ் போட்டுச் சொமந்துட்டு வர்றீங்க?"

பெரியவர் பேட்டரியை இன்னும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம இஞ்சினைப் போட்டு வெக்கறேன். ஓடுதுன்னு அவளுக்குக் கேக்கோணுமல்ல."