மன்னாருக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று

தொண்ணூறுகளில் ஒரு காலை, ஜெர்மனியின் எசன் நகர ரயிலில் எனக்கு எதிரே ஒரு மன்னார்த் தம்பதி இருந்தார்கள். மனைவியின் மடியில் இருந்த, ஒட்டி மூடிய உறையில் ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பம்.

"மன்னாரை எபிரேய எழுத்திலை எழுதிக் கூட்டினால் இருநூற்றுத் தொண்ணூற்றொண்டு," என்றார் கணவர்.

"அதுக்கு?"

"யூதரின்ரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் இருக்கு. ரெண்டு சொல்லுக்கு ஒரே தொகை வந்தால் ரெண்டுக்கும் உறவாம். ரெஸ்ரோரண்ட் குசினியிலை என்னோடை வேலை செய்யிற யூதக் கிழவர் காட்டித் தந்தவர். அவையின்ரை பாசையிலை நிலம் எண்ட சொல்லுக்கும் இதே தொகைதான்."

"எங்கடை நிலத்திலை பெருக்கமரமும் கழுதையளும்தானே."

"ஓம். கோயில் மணி அடிக்கேக்கை கழுதையளும் சேர்ந்து கத்தும்."

இருவரும் சிரித்தார்கள்.

"இஞ்சருங்கோ, ரெண்டு வருசமா இந்தக் குடியுரிமை அன்ராக்கை அனுப்பாமல் ஒவ்வொரு சாட்டுச் சொல்லுறியள். இண்டைக்கு இலக்கமோ? சரி, எசனையும் கூட்டுங்கோ. பிள்ளையள் பிறந்த ஊரெல்லோ."

அவர் உறையை வாங்கி, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதினார்.

"நூற்றுப் பதினொண்டு."

"அதுக்கு என்ன உறவாம்?"

"அலெப். அவையின்ரை முதல் எழுத்தின்ரை பேர். கிழவர் முதல் நாள் கூட்டிக் காட்டினதே அதைத்தான்."

"அப்ப முதலிலையிருந்து தொடங்கச் சொல்லுது."

அவர் பக்கத்தில் இன்னும் நான்கு எழுத்துகள் எழுதினார். ரயில் நின்றது; இருவரும் இறங்க எழுந்தார்கள்.

"அதை அழியுங்கோ. விண்ணப்பம் வாங்கிற கந்தோரிலை என்ன நினைப்பினம்?"

"மன்னார்தானே. அதுவும் சேர்ந்து போகட்டும்."

ரயில் நகரும்போது, மேடையிலிருந்த மஞ்சள் தபால்பெட்டியில் அவரே அந்த உறையைப் போட்டார்.