ஊசிமுனை ஓட்டை

— அப்போ நாளைக்கு என் பொண்ணு சந்திராவோட கால எடுத்தே தீரணுமா, மனோரமாம்மா?

— எடுக்கலன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ரத்தினசாமிண்ணே. எட்டு மாசமாச்சு, நாம வெச்ச துண்டோட அவ எலும்பு ஒட்டவே இல்ல. சுத்தி சீழ் புடிச்சிருக்கு.

— கட்டு பிரிக்கப் போறாங்கன்னுதான் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பத்து வயசும்மா. கட்டியைச் சுரண்டிட்டு, அந்தக் குழியில துண்டு வெச்சா எலும்பு வளந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். மாட்டெலும்புப் பொடியை அழுத்தி அந்தத் துண்டைச் செஞ்சதும் நான்தான். எங்க லேப் ஃபர்னஸ் கரண்ட்ல ஓடுது. தெனம் பவர்கட்டு, நடுவுல சூடு விழுந்துடுது. அதான் உங்க ஜாடி கம்பெனி சூளையில சுடக் குடுத்தேன். அண்ணே, சூடு எதுனா கம்மியாச்சா?

— இன்னாம்மா இப்டி கேட்டுட்டீங்க. இருவது வருசமா ஊறுகாய் ஜாடி சுடறவன் நான். என் பொண்ணு ஒடம்புக்குள்ள போறதாச்சேன்னு ரெண்டு நாளா சூளையை விட்டு நகரல. சூடு துளி கம்மியாவல.

— வேற எதுனா பண்ணீங்களா?

— நல்லதுதாம்மா பண்ணேன். துண்டு பூரா ஊசிமுனை ஓட்டையா இருந்துச்சு. ஓட்டை இருந்தா ஜாடியே ஒழுகுது, கால் தாங்குமா? ஜாடிக்குப் பூசுற மாவைக் கரைச்சு, கோழி எறகால ஒவ்வொண்ணா அடைச்சுட்டுதான் சுட்டேன். கண்ணாடியாட்டம் வந்துச்சு.

— அண்ணே, அந்த ஓட்டையெல்லாம் நான் வேணும்னே விட்டது. அதுக்குள்ள பூந்துதான் எலும்பு வளரணும்.

— நீங்க சொல்லலியேம்மா.

— சொல்லல. பளபளப்பைப் பாத்து, நல்லா வெந்திருக்குன்னு சந்தோஷமா டாக்டர்கிட்ட குடுத்தவ நான். அது என் தப்பு, சாவுற வரைக்கும் என்னை விடாது. ஆனா அன்னிக்கு, இது சந்திராவுக்குன்னு ஒண்ணைக் காட்டி, ரெண்டு துண்டு குடுத்தேனே. இன்னொண்ணை மேல்விஷாரத்துப் பொண்ணு மஹ்பூபிக்கு வெச்சோம். அது சொரசொரன்னு, நான் குடுத்த மாதிரியே வந்துச்சு. அவளுக்கு எலும்பு வளந்து, இப்போ ஸ்கூலுக்கு நடந்து போறா. அதை மட்டும் ஏன் அடைக்காம விட்டீங்க?

— அது யார் வீட்டுப் புள்ளைக்கோன்னு, நான் மெனக்கெடலம்மா.