நாலு தடவை பிடிச்ச தையல்

ஹலோ... ஹலோ, சிட்டு அம்மாவா? ... நான்தாம்மா, ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலுல பிள்ளைங்க டிரெஸ்ஸெல்லாம் பார்த்துக்கிறேனே, தையல் அக்கா. ... ஆமா, ஆமா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா? ... இன்னும் உள்ளே விடலையா. சரி, அழாதீங்க. கோச் சார் பக்கத்துல இருக்காரா? ... டாக்டர்கிட்டப் பேசிக்கிட்டிருக்காரா. என்னன்னு சொல்றாரு? ...

பேலன்ஸ் பண்ணி நடக்கிற கட்டையிலேர்ந்து தவறி விழுந்துட்டாள்னா சொல்றாரு?

இல்லம்மா. கொஞ்சம் ஓரமா வந்து நின்னு கேளுங்க. அவ கட்டையில ஏறவே இல்ல. ... ஆமா, பார்த்தேன். என் மிஷினுக்கு நேர் எதிர்லதான் அந்தக் கட்டை. வரிசையில நின்னா. நின்ன இடத்துலயே கால் மடிஞ்சு சாஞ்சுட்டா. தலையில அடி பட்டது நிஜம். ஆனா மயக்கம் முதல்ல, அடி அப்புறம். டாக்டர்கிட்ட இதை நீங்க சொல்லியே ஆகணும். இல்லேன்னா அவங்க தலையை மட்டுமே படம் எடுத்துப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. ...

ஏன்னா பிள்ளை சாப்பிடறதில்லம்மா. ... இன்னைக்கு மட்டும் இல்ல. ... தெரியும், சாப்பாட்டு டப்பா வீட்டுக்குக் காலியாத்தான் வரும். இன்னைக்குத்தான் பார்த்தேன், பழைய டிரெஸ் போடுற பெட்டியில. நாத்தம் அடிக்குதேன்னு கிளறினா, கவர்ல கட்டிக் கட்டி அடியில... ஆமாம்மா. நீங்க குடுத்து விட்டதுதான். முட்டையெல்லாம் முழுசா கிடக்கு.

பொறுங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவ லியோடார்ட், அந்த நீலக் கலர், தினம் பயிற்சிக்குப் போடுற ஒட்டின டிரெஸ். அதைப் பிடிச்சுத் தரச் சொல்லி நீங்கதானே குடுத்து விட்டீங்க? ... லூசா இருக்கு, கம்பியில மாட்டுது, அம்மா ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னாங்கன்னு...

நீங்க சொல்லவே இல்லையா.

... ஒரு தடவைகூடவா? ... ஐயோ. நாலு தடவைம்மா. நாலு மாசத்துல நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு இஞ்ச்.

... கேளுங்க, கேக்க வேண்டியதுதான். புத்தி எங்க போச்சுன்னு நானே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். முப்பது பிள்ளைங்க டிரெஸ், ஒண்ணு மாத்தி ஒண்ணு கிழியும், தொளதொளங்கும்... இல்ல, இல்ல, சாக்கு சொல்லல. மூணாவது தடவை குண்டூசி குத்தும்போது விலா எலும்பு விரல்ல தட்டுச்சும்மா. அப்பவும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத்தான்டி கச்சிதமா இருக்குன்னு சொன்னேன். சிரிச்சா.

... கோச் சாருதான், வேற யாரு. போன போட்டிக்கு முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு, பெரிய அளவு கேக்கறவ டீம்ல இருக்க மாட்டான்னாரு. எப்பவும் மாசத்துக்கு ஒருத்தியாவது இறுக்குது அக்கான்னு வந்து நிப்பா. அதுக்கப்புறம் ஒருத்தியும் வரல. வேலை குறைஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன், பாவி.

... சார் எனக்கும் போன் பண்ணினாரு. யாரு கேட்டாலும் கட்டையிலேர்ந்து விழுந்துட்டாள்னே சொல்லணுமாம். வேலை போனாப் போகட்டும்மா. நீங்க போனை டாக்டர்கிட்டக் குடுங்க. சார் தடுத்தாலும் குடுங்க. ...

ஹலோ, டாக்டரா? ... ஆமாங்க, ஹாலுல தைக்கிறவதான். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வருஷ ஆரம்பத்துல இடுப்பு இருபத்திரண்டு. போன மாசம் பதினெட்டு. ... ஆமாங்க, இஞ்ச். ... ஏறலைங்க. தரையிலதான் நின்னா. ... ஆமா. ... ஆமா, தண்ணிகூடக் குடிக்க மாட்டா, வயிறு தெரியும்னு. ... எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். ...

ம்... சொல்லுங்கம்மா. ... ரத்தம் எடுத்துட்டாங்களா. சரி. ... முழிச்சுட்டாளா? ... பேசினாளா? என்ன கேட்டா? ...

டிரெஸ் தச்சாச்சான்னு கேட்டாளா.

... ஆமாம்மா. காலையில குடுத்தா. அஞ்சாவது தடவை பிடிக்க. மிஷின்லயேதான் கிடக்கு, பாதித் தையல்ல. அதனாலதான் இன்னைக்கு ஹால்ல பொதுவா வச்சிருக்கிற டிரெஸ் போட்டிருந்தா. ... மாட்டேன். சத்தியமா இனி பிடிக்க மாட்டேன். ... என்னது? ... பழையபடி பிரிச்சு விடவா...

முடியாதும்மா. ... இல்ல, மனசில்லாம இல்ல. வளர்ற பிள்ளைன்னா உள்ளே ரெண்டு விரக்கடை துணி விட்டுத்தான் தைப்பேன், கைப்பழக்கம் அது. இவதான் உள்ளே மடிப்பு உறுத்துது, வெட்டிடுங்க அக்கான்னா. நாலு தடவையும் தையலோட ஒட்ட வெட்டிட்டேன். பிரிச்சு விட உள்ளே துணியே இல்லம்மா.

... ஹலோ? ... புதுசா தச்சுத் தர்றேன்னு சொல்லுங்க, பெருசா... ஹலோ? சிட்டு அம்மா?

ஹலோ...