இடது பக்கக் கதவு

எண்பத்தெட்டாம் வருடம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலைப் பேருந்தில் பதினேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு கார் கதவின் பூட்டு. அதில் நான்கு திருகாணிகள்.

“பூட்டை மூணு தடவ மாத்திட்டேன் மாப்ள. அவரு எறங்கத்தான் செய்யுதாரு.”

“எவரு?”

“காரோட பழைய ஓனரு. சாகுற வரைக்கும் சனிக்கிழமை தவறாம ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பாக்கப் போவாராம். இப்பவும் அந்த மலைக்குப் பிரியுற விலக்கு வந்தா இடது பக்கக் கதவு தானாத் தொறக்குது. சீட்டு மேல எழும்புது.”

“டிக்கெட் எடுக்காம வாராராக்கும்.”

“சிரிக்காத. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பிரிச்சுக் கோத்த காரு. அந்தச் சீட்டுக்கு ஸ்பிரிங்கு கட்டுனதே நான்தான். ஆளு எந்திரிச்சா எப்படி எழும்பும்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவளையும் பச்சப்பிள்ளையையும் மாமியா வீட்லருந்து அதுலதான் கூட்டியாரணும்.”

“போகும்போதே எறங்கிருதாருல்ல மச்சான். திரும்பி வரும்போது சீட்டு காலிதான? தைரியமாக் கூட்டியா.” கொஞ்சம் யோசித்துவிட்டு நண்பர் கேட்டார்: “ஆமா, ஏறுறது எங்க?”

ஜன்னலோரம் இருந்தவர் பூட்டைத் துணியில் சுற்றினார். அதற்குள் இரண்டு மைல்கற்கள் போய்விட்டன.

“எங்க வீட்டு வாசல்ல. நான் வீட்டைப் பூட்டிட்டு வாரதுக்குள்ள சீட்டு அமுங்கிருது.”