மாமாவுக்குப் புரியவில்லை

வியாழக்கிழமை காலையில் நான் நகம் வெட்டிக்கொள்வேன். நகம் நீண்டிருந்தால் மாப்பிள்ளை ஆபீசில் கொடுக்கிற கண்ணாடிப் பலகையில், டேப்லெட் என்கிறார்களே, அதில் டொக் டொக்கென்று சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் அதையும் நோட்டில் எழுதிவைத்துவிடும். நான் சுத்தமான ஆள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கொடுத்த தாளில் முதல் கேள்வியே "உங்களைப் பற்றிச் சில வரிகள்" என்று இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மில் கேட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை. ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது. மனுஷன் எதை எங்கே ஒளிப்பான் என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த காவலாளிகளுக்கு ஒன்று சொல்வேன்: பயந்து போகிறவனை விட்டுவிடு, அவன் வீட்டுக்கும் அப்படித்தான் போவான். சந்தோஷமாகப் போகிறவனை நிறுத்து.

என் மாப்பிள்ளையின் கம்பெனி ஏன் படுத்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்குத்தான் பணம் போட்டவர்கள் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டீர்கள், சந்தை சரியில்லை என்றாராம். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சந்தைக்கு ஒன்றும் இல்லை. நான்தான்.

அந்தக் கம்பெனி செய்தது இதுதான். பொழுதுபோக்குக்குப் படம் வரைகிறவர்களுக்கு நெட்டிலேயே ஒரு பலகை. எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம், திறந்தால் பென்சில், தூரிகை, வண்ணம் எல்லாம் கடை விரித்துக்கொண்டு நிற்கும். வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள், வேலையே கிடைக்காதவர்கள், குழந்தை தூங்குகிற நேரத்தில் கொஞ்சம் கிறுக்குகிறவர்கள், இப்படி நாற்பதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். ஆபீஸ் இரண்டாவது மாடியில். பதினோரு பேர், காதில் ஆளுக்கொரு மூடி. நாற்காலி குறைவு. பெரிய பெரிய மூட்டைகள் போட்டிருந்தார்கள், அதில் சரிந்து கிடந்துதான் வேலை. மாப்பிள்ளை மூட்டைக்குள் பாதி புதைந்தபடி, "நாங்க உலகத்தையே மாத்தப்போறோம் மாமா" என்பார். முதலில் அதிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள் என்று நான் சொன்னதில்லை. மாப்பிள்ளை என்றால் ஒரு மரியாதை இருக்கிறது.

அவருக்கு எங்கோ படித்த யோசனை ஒன்று. ஒன்றுமே தெரியாத ஓர் ஆளை உட்காரவைத்து அந்தப் பலகையை உபயோகிக்கச் சொல்ல வேண்டும். அவனுக்கு எது புரியவில்லையோ அதை எடுத்துவிட வேண்டும். ஒன்றுமே தெரியாத ஆளுக்காக அவர் அதிகம் அலையவில்லை. அடுத்த வியாழக்கிழமை வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

பக்கத்தில் நோட்டோடு ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். நான் எதைத் தொட்டேன், எங்கே முழித்தேன், எப்போது மூச்சு விட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதும். நான் அதற்கு நோட்டுக்காரி என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரிக்கும். நல்ல பெண்தான். சுவரில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினார்கள்: "மாமாவுக்குப் புரியுமா?" கக்கூஸ் போகிற வழியில் ஒட்டியிருந்தார்கள், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று.

முதல் வாரம் நான் உண்மையாகத்தான் இருந்தேன். பலகையின் மூலையில் பல்லிக்குஞ்சு மாதிரி என்னமோ ஒன்று இருந்தது.

"இது என்னம்மா?"

"அது வளைகோடு போடறது மாமா. இங்க பிடிச்சு, இப்படி இழுத்தா..."

"எனக்குப் புரியல."

எழுதிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை போனால் பல்லிக்குஞ்சு இல்லை. நான் சொல்லித்தான் எடுத்தார்களா என்று கேட்டேன். "ஆமா மாமா, நீங்க சொன்னா அப்பீலே கிடையாது" என்றாள். முப்பத்தோரு வருஷம் மில்லில் இருந்திருக்கிறேன். நான் சொல்லி ஓர் ஆணியைக்கூட யாரும் பிடுங்கியதில்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இப்போது என் வீட்டுக்காரி விஷயம்.

மாப்பிள்ளை அவளுக்கும் ஒரு கண்ணாடிப் பலகை கொடுத்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு உட்காருவாள், ஐந்து மணிக்குத்தான் நிமிர்வாள். நான் ரிட்டயர் ஆன நாளிலிருந்து அந்த மூன்று மணி நேரம் என்னுடையது. எதிரே உட்கார்ந்து நான் மில் கதை சொல்வேன், அவள் கேட்பாள். பிடித்த கதைகளைத் திரும்பவும் சொல்வேன். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. இப்போது "ம்" என்கிறாள், தலையைத் தூக்காமல்.

அதில் அவளுக்கு இரண்டுமணி என்று பெயர். முன்பின் தெரியாதவர்கள் "இரண்டுமணி அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்த ஒருத்தர், தினமும் இவளோடு வண்ணம் பற்றிப் பேச்சு. நிழலில் நீலம் சேர்க்க வேண்டுமாம். அவள் முனகிப் பாட ஆரம்பித்தாள். கேட்டில் பாடிக்கொண்டு போன ஒருவனையும் நான் சும்மா விட்டதில்லை.

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு படம். டம்ளர், செருப்பு, ஜன்னல் கம்பி, துவைத்த துணி. நான் என்னைத் தேடினேன். ஒன்றிலும் இல்லை. கடைசியில் என் நாற்காலி இருந்தது. ஜன்னல் ஓரம் நான் உட்காருகிற அதே மர நாற்காலி, கைப்பிடியில் நான் தட்டித் தட்டி வழுவழுப்பான இடம்கூட இருந்தது. வெயில் விழுந்திருந்தது. காலி.

அதற்கு முந்நூற்றுச் சொச்சம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். கப்பல்காரர் கீழே எழுதியிருந்தார்: "அக்கா, இந்த நாற்காலியைப் பார்த்தாலே என்ன ஒரு நிம்மதி."

அவளிடம் கேட்டேன்.

"இதுல நான் எங்க?"

"நீங்க கடைக்குப் போனப்ப வரைஞ்சேங்க. உக்காந்திருந்தா நீங்க அசைஞ்சுக்கிட்டே இருப்பீங்களே."

"கடைக்குப் போய்வரப் பத்து நிமிஷம். இதை வரைய மூணு நாள் ஆயிருக்கும்போல."

"மிச்சத்தை ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன்."

நாற்காலி ஞாபகம் இருந்திருக்கிறது. சத்தம் போடுகிற ஆள் இல்லை நான்.

மறுநாள் இரண்டு மணிக்கு என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றாகக் காட்டினாள். கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரைவது. கீழே இருப்பது அழியாமல் மேலே திருத்திக்கொள்ளலாம். "இது இல்லாட்டி என்னால ஒண்ணுமே முடியாதுங்க" என்றாள். வியாழக்கிழமை ஆபீசில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தத் தாளில் இருக்கிறேன் என்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன். எனக்குப் புரியவில்லை என்றேன். போனது.

"இந்த மெல்லிசு தூரிகை இருக்கே, முடி முடியா வரையலாம்." அடுத்த வியாழக்கிழமை போனது. வண்ணம் கலக்கிற தட்டு போனது. தப்பாகப் போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கிற அம்புக்குறி போனது. அதற்குக் கொஞ்சம் நடிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது குழந்தைக்கும் புரியும். "தப்பாப் போட்டா தப்புதானே மாப்பிள்ளை, அதென்ன திரும்ப எடுக்கறது?" என்றேன். மாப்பிள்ளை மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். "அடடா. எவ்வளவு ஆழமா சொல்லிட்டார் பாருங்க" என்று பத்துப் பேரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கடைசியாக, ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற பெட்டி. எனக்கு யாரும் எழுதுவதில்லை, அதனால் அது எதற்கென்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

வீட்டில் அவள் பலகையைத் திறந்து தேடுவாள். "நேத்துகூட இருந்துச்சேங்க" என்பாள். "இந்தக் காலத்துப் பசங்க, எதையாவது மாத்திக்கிட்டே இருப்பாங்க" என்பேன். பிறகு மிச்சம் இருப்பதை வைத்து எப்படி வரைவது என்று அவளே ஒரு வழி கண்டுபிடிப்பாள். அதையும் எனக்குக் காட்டுவாள். எங்கள் குடித்தனத்தில் அந்த மூன்று மாசம்தான் நல்ல காலம் என்பேன். அவ்வளவு பேச்சு அவள் என்னிடம் பேசியதே இல்லை.

நாற்பதாயிரம் பேரும் எழுதிக் கேட்டார்கள். கொடுங்கள், திரும்பக் கொடுங்கள் என்று. மாப்பிள்ளை, "இவங்கல்லாம் பழகிப்போனவங்க மாமா. நாம பழகாதவங்களுக்குச் செய்யறோம்" என்றார். பழகினவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பழகாதவன் நான் ஒருத்தன்தான் வந்துகொண்டிருந்தேன்.

நோட்டுக்காரிக்கு மட்டும் சந்தேகம். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, போன மாசம் இதையே நீங்க ரெண்டு நிமிஷத்துல செஞ்சீங்களே" என்றாள்.

"அப்பப் புரிஞ்சுது. இப்பப் புரியல."

"இல்ல மாமா, நீங்க அத்தைக்காக ஏதாவது..."

அன்று காரில் வரும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன், அந்தப் பெண் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பதட்டமாக இருக்கிறது, ஒன்றுமே புரியமாட்டேன் என்கிறது என்று. அடுத்த வியாழக்கிழமை அவளும் இல்லை. மூட்டையில் வேறு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கையெழுத்தே வரவில்லை.

கடைசிக்கு முந்தின வியாழக்கிழமை நான் சொன்னது ஒன்றுதான். "பழைய படம் எல்லாம் குவிஞ்சு கிடக்கு, இன்னிக்கு வரைஞ்சது எதுன்னு புரியல." மாப்பிள்ளை அதற்கும் ஒரு வழி செய்தார். பழைய படங்கள் தானாகப் போய்விடும். போகும் முன் ஒரு பெட்டி வந்து கேட்கும். அதில் "வைத்துக்கொள்" என்று ஒன்று, "சரி" என்று ஒன்று. கடைசி வியாழக்கிழமை, இரண்டு இருந்தால் எனக்குக் குழப்பம் என்றேன். அப்படியானால் "சரி" மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். படம் வேண்டும் என்கிறவர்கள் எங்கோ உள்ளே போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டே கால் மணி. அவள் பலகையை என் பக்கம் நீட்டினாள்.

"என்னங்க, இது என்னமோ கேக்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்குப் புரிகிற தமிழ்தான்.

"சரின்னு குடு" என்றேன்.

கொடுத்தாள். அவள் விரலால்தான் கொடுத்தாள். இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் படங்களும் போனதாகச் சொல்கிறார்கள். கப்பல்காரர் செத்துப்போன மகனைப் பதினேழு படம் வரைந்து வைத்திருந்தாராம், இருந்திருந்தால் இந்த வயதில் எப்படி இருப்பான், அடுத்த வயதில் எப்படி இருப்பான் என்று. வேறு இடத்தில் எடுத்து வைக்காதது அவர் தப்பு. நான் ஒரு பொம்பளையின் படங்களைப் பற்றித்தான் யோசித்தேன். மற்றதெல்லாம் மாப்பிள்ளையின் நிர்வாகம். அடுத்த மாசமே கம்பெனியைப் பூட்டினார்கள். கடைசியில் அந்தப் பலகையில் மிச்சம் இருந்தது ஒரு நீல வட்டம். தொட்டால் பெரிதாகும். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் அழவில்லை. மத்தியானத்தில் பழையபடி எதிரே உட்கார்ந்தாள். நான் மில் கதைகளை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

பத்து நாள் கழித்து நோட்டுக்காரி வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே இவளிடம் போய் நாலு நோட்டைக் கொடுத்தாள். "மாமா சொன்னதெல்லாம் தேதி போட்டு இருக்கு அத்தை. உங்ககிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். இவள் அதை மூன்று நாள், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை புரட்டிக்கொண்டிருந்தாள். படித்திருக்கமாட்டாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்த வியாதி.

கதை சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சொல்றது புரியலைங்க" என்றாள். எளிதாக்கிச் சொன்னேன். அதுவும் புரியவில்லை. இப்போது நான் கதை சொல்வதில்லை. நாலு மணி டீ எதற்கு என்று புரியவில்லை என்றாள், அது நின்றது. ரேடியோ புரியவில்லை, அலமாரி மேலே போனது. நேற்று என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது எதுக்கு இங்க கிடக்குன்னு புரியலைங்க" என்றாள். சாயங்காலம் பழைய சாமான் வண்டிக்காரன் தூக்கிக்கொண்டு போனான். இதை நான் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். கேட்டில் நின்ற ஆள், எனக்குப் பழக்கம்தான்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளை, நரம்பு, ஞாபகசக்தி எல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா என்னைவிடத் தெளிவா இருக்காங்க" என்கிறார். சின்ன வயசு டாக்டர், அனுபவம் பத்தாது. வரும்போது ஆட்டோவில் அவள் முனகிப் பாடிக்கொண்டு வந்தாள்.

நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தாள் அவள் கண்ணில் படக்கூடாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்து கேட்டிருப்பாள். எதுவாக இருந்தாலும் அவள் என்னிடம்தான் கேட்பாள்.