இடைவெளி வந்துடுச்சுங்க!

அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே! வயதால் மூத்த, வாஞ்சையால் இளைய பெரியோர்களே! பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு, என்னதான் படிக்கிறார்கள் என்று புரியாமல் தவிக்கும் தாய்மார்களே! முன்வரிசைக் காலி நாற்காலிகளே! அனைவர்க்கும் என் வணக்கம்.

"எதுக்கும்மா உனக்கு விருது?" என்று வாசலில் ஒரு தாயார் கேட்டார். சொல்கிறேன். எங்களிடம் ஒரு படிகம் உண்டு. உள்ளே மின்சாரம் ஓடாது. மேல்தோலில் மட்டும் ஓடும். அகத்திலே அடைப்பு, புறத்திலே பாய்ச்சல்! கைதட்டாதீர்கள், நானும் அப்படித்தான். அந்தத் தோலில் எலெக்ட்ரான்களின் ஆற்றலை வரைந்து பார்த்தால், இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்கும். சாதாரணத் தூசு தும்புக்கு லேசில் பிரியாது. காந்த அணுக்களைக் கொஞ்சம் கலந்தால்? பிரியும்! அந்தப் பிரிவுக்கு எங்கள் பாஷையில் இடைவெளி என்று பெயர்.

அதற்காக எத்தனை ஆண்டுகள்! ஜன்னல் இல்லாத அறை, பம்புகளின் இரைச்சல், பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது. ஒருநாள் திரையில் கோடுகள் பிரிந்தன. யாரிடம் சொல்வேன்? என் கணவர் வேறோர் ஊரில் பள்ளி ஆசிரியர். போன் போட்டுக் கத்தினேன்: "என்னங்க, இடைவெளி வந்துடுச்சுங்க!"

மறுமுனையில் அவர் சொன்னார்: "எனக்கும் தெரியும்மா. எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். நல்லவேளை, நீயே சொல்லிட்டே."

சிரியுங்கள் ஐயா, சிரிக்கவேண்டிய கதைதான். "ஐயோ, நான் படிகத்தைச் சொன்னேங்க" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லையே! போனை வைத்துவிட்டு அழுதேன்.

அழுதாலும் சோதனையை முடிக்கவேண்டாமா? வந்த இடைவெளி காந்தத்தால் வந்ததா, அழுக்கால் வந்ததா? கடுங்குளிரில் கிடக்கும் படிகத்தைச் சூடேற்றினால் காந்தம் அடங்கும். காந்தத்தால் வந்த இடைவெளி மூடும். அழுக்கால் வந்தது மூடாது. சூடேற்றினேன். மூடியது! அதற்குத்தான் இந்த விருது.

கல்லுக்குக் காட்டிய கரிசனத்தைக் கட்டியவருக்குக் காட்டினேனா? குளிரிலேயே போட்டுவைத்துவிட்டு, "ஏன் விலகினீர்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? நேற்று அவரைக் கூப்பிட்டேன். "நேர்ல வரட்டுமாங்க?"

"வந்து என்ன பண்ணப்போறே?" என்றார்.

வராதே என்று சொல்லவில்லை! தாய்மார்களே, வராதே என்று அவர் சொல்லவில்லை!

ஆகவே விருந்துக்கு நான் இருக்கமுடியாது, பொறுத்தருளுங்கள். வெளியே வண்டி நிற்கிறது. அங்கே கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் காதுகொடுத்த உங்களுக்கு நன்றி. போய்த் தட்டிப்பார்க்கிறேன். வணக்கம்.